பருவுக்குக் களிம்பு பூசுவது சரணடைவதா?

அழகு என்ற பெயரில் பெண்ணை அளக்கும் அளவுகோலை நிராகரிக்க வேண்டும் என்று பகலில் பேசிவிட்டு, இரவில் கண்ணாடி முன் நின்று முகப்பருவுக்குக் களிம்பு பூசினால் அது இரட்டை வேடமா? சிரித்துக்கொண்டே கேட்கப்படும் கேள்விதான். ஆனாலும் சிரிப்புக்கு அடியில் ஒரு குற்றவுணர்ச்சி ஒளிந்திருக்கிறது.

வழக்கமாக இதற்கு இரண்டு பதில்கள் வரும். ‘என் முகம், என் விருப்பம்’ என்பது ஒன்று. ‘அந்த விருப்பமே சந்தை உண்டாக்கியதுதான், தூக்கி எறி’ என்பது மற்றொன்று. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. இரண்டும் பெண்ணின் மனதைத் தோண்டி, அவள் விருப்பம் தூய்மையானதா என்று சோதிக்கின்றன. களிம்பை யாரும் சோதிப்பதில்லை.

தூய்மையான விருப்பம் என்று ஒன்று யாருக்கு இருக்கிறது? பையனுக்குப் பரு வந்தால் அது வயசு. பெண்ணுக்கு வந்தால் அது செய்தி. ‘யாரை நினைச்சுக்கிட்டு இருக்கே?’ என்று தோழிகள் கேலி செய்வார்கள். கல்யாண வீட்டில் படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, ‘முகத்துக்கு என்னடி ஆச்சு?’ என்று அத்தை கேட்பாள். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அதுவே ஒரு குறிப்பு. இத்தனை கண்களுக்கு நடுவில் வளர்ந்தவளிடம் ‘யாரும் பார்க்காவிட்டாலும் இதைப் பூசுவாயா?’ என்று கேட்பது நியாயமே இல்லை. யாரும் பார்க்காத ஒரு நாள் அவளுக்கு வாய்த்ததில்லை. மேலும், பரு வெறும் தோற்றமும் அல்ல. அது வீங்கும், வலிக்கும், சீழ் பிடிக்கும், சிலருக்குக் குழியாகத் தழும்பு விட்டுப் போகும். வலிக்கிற இடத்துக்கு மருந்து போடுவதற்கு யாரும் கொள்கை விளக்கம் தர வேண்டியதில்லை.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போடுவோம். விசாரிக்கப்பட வேண்டியது பூசுகிறவள் அல்ல, விற்கப்படுகிற பொருள்.

ஒவ்வொரு டியூபும் இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. ஒன்று தோலைப் பற்றியது, இன்னொன்று பெண்ணைப் பற்றியது. தோலைப் பற்றிச் சொல்வதைச் சரிபார்க்கலாம். பென்சாயில் பெராக்சைடு பருவில் பெருகும் பாக்டீரியாவைக் கொல்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குப் பழகிவிடும் அந்தக் கிருமி இதற்கு அப்படிப் பழகுவதில்லை. சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரையும் என்பதால் தோல் துவாரத்துக்குள் இறங்கி, அங்கே அடைத்திருக்கும் இறந்த செல்களைத் தளர்த்துகிறது. 0.5 முதல் 2 சதவீதம் வரை சேர்ப்பார்கள். கழுவிவிடும் ஃபேஸ்வாஷைவிட, தோலில் தங்கும் ஜெல்லில் அதற்கு வேலை செய்ய நேரம் அதிகம். அடாபலீன் வைட்டமின் ஏ வழிவந்த மருந்துகளின் இனம். துவாரம் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2016இல் இதன் 0.1 சதவீத ஜெல்லை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்தார்கள். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும்.

இவை அற்புதங்கள் அல்ல. மெதுவாக, ஓரளவுக்கு, சிலருக்கு நன்றாக வேலை செய்பவை. ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லையும் இங்கே சந்தேகிக்க வேண்டும். பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதத்திலேயே ஏறக்குறைய 10 சதவீதம் அளவுக்குப் பலன் தருகிறது. அளவு கூடினால் கூடுவது எரிச்சல்தான். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் எரிச்சல் கரும்புள்ளியாக மாறி, பரு போன பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். இந்த விசாரணையில் பாட்டி வைத்தியத்துக்கும் விலக்கு இல்லை. எலுமிச்சைச் சாறும் பற்பசையும் தோலை எரிக்கக்கூடியவை. அன்போடு சொல்லப்பட்டது என்பதால் எரிச்சல் குறைந்துவிடாது.

பெண்ணைப் பற்றிச் சொல்வதைச் சரிபார்க்கவே முடியாது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. அந்தப் பழைய பெயரில் முதல் சொல் தோலைப் பற்றியது, இரண்டாவது சொல் யார் அன்புக்குரியவள் என்பதைப் பற்றியது. எந்த ஆய்வகத்தில் இதை அளப்பது?

இந்த இரண்டாவது வாக்குறுதி முதலாவதை விழுங்கிவிடும்போது என்ன நடக்கும் என்பதற்கு நம் ஊர் மருந்துக்கடைகளிலேயே சாட்சி உண்டு. பருவுக்கும் நிறத்துக்கும் என்று கொடுக்கப்படும் சில கிரீம்களில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. பூசிய சில நாட்களில் சிவப்பு அடங்கும், நிறம் வெளுக்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். மாதங்கள் போனால் தோல் மெலியும், ரத்த நாளங்கள் தெரியும், முகத்தில் முடி வளரும், புதுப் பருக்கள் வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலை அடக்க அதே கிரீமைத்தான் மறுபடி வாங்க வேண்டியிருக்கும். தோல் மருத்துவர்கள் பலமுறை எச்சரித்த பிறகு, 14 ஸ்டீராய்டுகளைக் கொண்ட பூச்சு மருந்துகளை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று இந்திய அரசு 2018இல் விதித்தது. அதுவரை வெளிப்பூச்சு என்பதாலேயே அவற்றுக்கு விதிவிலக்கு இருந்தது.

இங்கிருந்துதான் நமக்கு ஒரு அளவுகோல் கிடைக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறார்களா? கெடுதலையும் சேர்த்துச் சொல்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டாம் என்றால் நிறுத்த முடிகிறதா? பென்சாயில் பெராக்சைடை நிறுத்தினால் பழைய பரு திரும்ப வரலாம், அவ்வளவுதான். அது நம்மைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஸ்டீராய்டு கிரீம் பிடித்து வைத்துக்கொள்கிறது. விருப்பம் எங்கிருந்து முளைத்தது என்பதை விட, அதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா என்பதே சுதந்திரத்துக்கான சரியான சோதனை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வேலை, படிப்பு, வீடு எல்லாவற்றுக்கும் மேல், டியூபின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளையும் பெண்களே படித்துத் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டுமா? பாதிக்கப்பட்டவளிடம் ‘நீ படிக்கலையா?’ என்று கேட்பதற்கு இது இன்னொரு வழியாகிவிடாதா? ஆகிவிடும், அறிவைத் தனிப்பட்ட கெட்டிக்காரத்தனமாக மட்டும் பார்த்தால். ஆங்கிலத்தில் அச்சிட்ட சீட்டைப் படிக்கத் தெரியாதவளுக்கும் உண்மை தெரிய வேண்டும். அதைத் தமிழில் அச்சிடுவது தயாரிப்பவரின் கடமை. சீட்டு இல்லாமல் கொடுக்காமல் இருப்பது கடைக்காரரின் கடமை. விதி காகிதத்தில் நின்றுவிடாமல் பார்ப்பது அரசின் கடமை. நாம் படித்துத் தெரிந்துகொள்வது இவர்களை விடுவிப்பதற்காக அல்ல, இவர்களிடம் கேட்பதற்காக.

பூசுவதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். பருவோடு வகுப்புக்குப் போகிறவளும் தைரியசாலி என்று பட்டம் வாங்க வேண்டியதில்லை. ஜெல் பூசிக்கொண்டு போகிறவளும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் கல்லாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.