பெயர் கொடுத்த வீடு

1863-ஆம் ஆண்டில் புனே நகரத்துப் பிராமணத் தெருக்களின் சுவர்களில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கருவுற்றிருக்கும் விதவைகள் இங்கே வந்து, யாருக்கும் தெரியாமல் பத்திரமாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். பிறந்த குழந்தையைக் கையோடு கொண்டுபோவதும் விட்டுச்செல்வதும் அவரவர் விருப்பம். விட்டுச்செல்லும் குழந்தையை இந்த இல்லம் வளர்க்கும். செய்தி அவ்வளவுதான். ஒட்டியவர்கள் ஜோதிராவ் புலேயும் அவர் மனைவி சாவித்ரிபாயும். சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் என்று அதற்குப் பெயர் வைத்து, தங்கள் இருப்பிடத்திலேயே அதைத் தொடங்கியிருந்தார்கள்.

யாருக்காக அந்த இல்லம் என்பதை நாம் அறிவோம். விவரம் தெரியாத வயதில் மணம் முடித்து, பருவம் எய்துமுன்பே கணவனை இழந்து, தலை மழிக்கப்பட்டு, வீட்டின் பின்கட்டில் உழைத்துக் கிடந்த பெண்கள். 1856-இல் விதவை மறுமணச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்த தெருவுக்குள் மாப்பிள்ளை யாரும் வரவில்லை. அதே வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இருந்த ஓர் ஆண் மட்டும் இருட்டில் வந்தான். வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவனும் இல்லை. அவளுக்கு மிஞ்சியது ஊர்க் கிணறு. அது தனக்கா, பிள்ளைக்கா என்பது மட்டுமே அவள் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

மாலி சாதியில் பிறந்த புலே தம்பதியிடம் அந்தப் பெண்கள் வந்தார்கள் என்பதை நின்று யோசிக்க வேண்டும். பெண் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர நடந்து போனபோது சாவித்ரிபாயின் மேல் சாணமும் கல்லும் எறியப்பட்ட ஊர் அது; பள்ளிக்குப் போய் மாற்றிக்கொள்ள அவர் இன்னொரு புடவையைக் கையில் எடுத்துப் போவாராம். எறிந்த கூட்டத்தார் வீட்டுப் பெண்களுக்குத்தான் பின்னாளில் அவர் பிரசவம் பார்த்தார். மன்னிப்பு என்று இதைச் சொல்வதுகூடச் சிறிதாகிவிடும். கல் எறிந்தது யார் வீட்டு ஆள் என்று கேட்கும் நினைப்பே அங்கு எழவில்லை.

1881-இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் பிராமண விதவைக்கு, தான் பெற்ற சிசுவைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பிறகு அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. பத்திரிகைகள் பெண்களின் ஒழுக்கக்கேட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. பொறுக்காமல் தாராபாய் ஷிண்டே 1882-இல் 'ஸ்திரீ புருஷ துலனா' என்ற நூலை எழுதி, குற்றத்தில் பாதிக்குச் சொந்தக்காரனான ஆண் எங்கே என்று கேட்டார். நீதிமன்றத்தின் குறிப்பேட்டில் அவனுக்கு இடமில்லை. சட்டம் எப்போதும் பிள்ளை செத்த பிறகுதான் அந்த வீட்டுக்குள் நுழைகிறது. அது காணக்கூடியது கொன்ற கையை மட்டுமே. அந்தக் கையைக் கிணற்றடி வரை தள்ளிக்கொண்டு வந்த தகப்பனின் மானம், தெருவின் வாய், சாஸ்திரத்தின் அதிகாரம், ஓடிப்போனவனின் கோழைத்தனம் ஆகிய எதற்கும் விலங்கு பூட்ட அதனால் இயலாது. ஆகவே ஒரு சமூகத்தின் அறத்தை அளக்க வேண்டுமானால் அது எப்படித் தண்டிக்கிறது என்று பார்ப்பதைவிட, தண்டனைக்கு முந்திய இரவில் அந்தப் பெண் போய்ச் சேர ஏதாவது ஒரு வீட்டைத் திறந்து வைத்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

ஆனால் வீடு திறந்திருந்தால் மட்டும் போதுமா? அயர்லாந்தில் மணமாகாத தாய்மாருக்கென்றே இல்லங்கள் இருந்தன. பெரும்பாலானவற்றைக் கன்னியாஸ்திரிகள் நடத்தினார்கள்; அரசு பணம் கொடுத்தது. 18 நிலையங்களை ஆராய்ந்த விசாரணை ஆணையம் 2021-இல் அறிக்கை தந்தது: 1922-க்கும் 1998-க்கும் இடையில் ஏறத்தாழ 56,000 தாய்மார், 57,000 குழந்தைகள், இறந்த குழந்தைகள் மட்டும் சுமார் 9,000. பல தாய்மாரின் பிள்ளைகள் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். வேறு வழியற்ற நிலையில் இட்ட கையெழுத்தை யார் சம்மதம் என்பார்கள்?

புனேயில் இருந்த இரகசியம் அயர்லாந்திலும் இருந்தது. ஒரே இரகசியம் ஓரிடத்தில் நிழலாகவும் இன்னோரிடத்தில் சிறையாகவும் ஆனது ஏன் என்று யோசித்தால், புலேயின் அறிவிப்பில் இருந்த அந்த நடுவரிக்குத்தான் நாம் திரும்ப வேண்டியிருக்கிறது. பிள்ளையைக் கொண்டுபோவதா, விட்டுச்செல்வதா என்பதை அவள் தீர்மானிப்பாள். நொந்து வந்தவளிடம் அடைக்கலத்துக்கு விலையாக அவளுடைய சித்தத்தைக் கேட்காத இரக்கம் அபூர்வமானது. சோறும் கூரையும் கொடுத்துவிட்ட எவருக்கும், இனி உன் வாழ்வை நான் முடிவு செய்வேன் என்று சொல்லும் ஆசை, தன்னை அறியாமலே, தர்மத்தின் குரலிலேயே எழுந்துவிடுகிறது. அந்த ஆசையை அடக்கியவர்கள் நடத்திய இடத்தில் இரகசியம் அவளைக் காத்தது, அடக்காதவர்கள் நடத்திய இடத்தில் அவளிடமிருந்து ஊரின் மானத்தைக் காத்தது.

1874-இல் ஒரு பிராமண விதவை பெற்ற ஆண் குழந்தையைப் புலே தம்பதி தங்கள் மகனாகவே தத்தெடுத்துக்கொண்டார்கள். யஷ்வந்த் என்று பெயர் வைத்து, தங்கள் குடும்பப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 1890-இல் ஜோதிராவ் இறந்தபோது, வளர்ப்புப் பிள்ளைக்கு உரிமையில்லை என்று உறவினர்கள் தகராறு செய்ததாகவும், சாவித்ரிபாயே முன்வந்து நெருப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். யஷ்வந்த் படித்து மருத்துவரானார். 1897-இல் புனேயில் பிளேக் பரவியதும் தாயும் மகனும் ஊருக்கு வெளியே நோயாளிகளுக்கு ஓர் இடம் அமைத்தார்கள். மகன் சிகிச்சை அளித்தார். அறுபதைக் கடந்த சாவித்ரிபாய் நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்த வேலையில்தான் அவருக்கும் நோய் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார்.