கிணற்றடியும் கிறிஸ்தவ வாழ்வும்



சோளகக் காற்று வீசும் ஆவணி மாதம். வீடு மந்திரிக்கச் சென்ற இடத்தில் ஒரு தாய் தேநீர் தந்தார். வாயில் வைத்ததும் உவர்த்தது. “அண்ணன் பக்கத்து வளவிலே மிசின் பூட்டிய நாள் முதல் எங்கள் கிணறு இப்படித்தான், சுவாமி” என்றார். பின்பு தமையனைக் கண்டபோது அவருக்கும் ஒரு முறைப்பாடு இருந்தது: “தங்கச்சி வீட்டு மலசலகூடக் குழி எங்கள் கிணற்றுக்குக் கிட்ட இருக்கிறது, சுவாமி.” இரு குடும்பமும் ஒரே கோவிலில் நற்கருணை வாங்குகின்றன. ஆனால், இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

ஊரின் பெயர் வேண்டாம். இது நம்மில் பலருடைய கதை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மாத்திரமே ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறிவீர்கள். கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், கீழிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். துலா மிதித்த காலத்தில் மனிதனின் களைப்பே ஊற்றுக்கு ஓய்வு கொடுத்தது. மிசினுக்குக் களைப்பில்லை. ஆகவே அந்த ஓய்வை நாமே மனமுவந்து கொடுக்க வேண்டும்.

அதே கல்லின் வெடிப்புகளினூடாகக் குழியின் கழிவும், அளவுக்கு மிஞ்சி இட்ட பசளையும் கிணற்றைச் சேருகின்றன. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அது லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், அந்தத் தண்ணீரில் கரைத்த பால் கைக்குழந்தைக்கு ஆபத்து. என் வேலிக்குள் நான் செய்வது அயல் வீட்டுக் குழந்தையின் பாற்போத்தலில் முடிகிறது. கிணற்றின் பங்கை உறுதியில் எழுதலாம். ஊற்றை எந்த நொத்தாரிசு எழுதுவார்? பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது ஐந்தாம் கற்பனையின் கீழ் இதையும் நினைத்துப் பார்க்கிறோமா?

ஆதியாகமத்தில் ஈசாக்கைப் பாருங்கள். அவருடைய ஆட்கள் தோண்டிய கிணற்றை அயலார் தமதென்றார்கள். அதற்கு ‘வாக்குவாதம்’ என்று பெயரிட்டார். அடுத்ததற்கும் சண்டை, அதற்குப் ‘பகை’ என்று பெயர். அவர் பலமற்றவரல்லர், ஆயினும் விட்டுக்கொடுத்தார். மூன்றாவது கிணற்றுக்குச் சண்டையில்லை. பின்னர் பகைத்தவர்களே தேடி வந்தார்கள். அவர்களுக்கு விருந்து வைத்துச் சமாதானம் செய்தார். அன்றே ஊழியர் இன்னொரு கிணற்றில் தண்ணீர் கண்ட செய்தியைக் கொண்டுவந்தார்கள். நம் வளவுக் கிணறுகளுக்கு இன்று என்ன பெயர் பொருந்தும்?

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் தமது 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதனின் அடிப்படை உரிமை என்று போதித்தார். அந்தப் போதனை நம் கிணற்றடியில் தொடங்கட்டும். அயலவர்கள் கூடி இறைப்பு முறையைப் பேசி ஒழுங்கு செய்யுங்கள். பயிருக்கு வேண்டிய அளவே இறையுங்கள். புதிய குழி வெட்டுமுன் உங்கள் கிணற்றை மட்டுமன்றி, வேலிக்கு அப்பாலுள்ள கிணற்றையும் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதிப்பியுங்கள். கூரையில் விழும் மாரி மழையைத் தொட்டியில் சேருங்கள். நல்ல தண்ணீர்க் கிணறு உள்ளவர்கள் குடத்தோடு வருபவருக்குப் படலையைத் திறந்து வையுங்கள்.

சகோதரனுக்கு நம்மேல் மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு முதலில் அவனோடு ஒப்புரவாகும்படி ஆண்டவர் கற்பித்தார். அந்தத் தமையனுக்கும் தங்கைக்கும் நான் சொன்னது இதுவே: வருகிற ஞாயிறு கோவிலுக்கு வருமுன் ஒருவர் மற்றவருடைய கிணற்றடிக்குப் போய் வாருங்கள். யார் முதலில் போவது என்று கேட்டார்கள். சமாரியப் பெண்ணிடம் முதலில் தண்ணீர் கேட்டவர் ஆண்டவரே அல்லவா?