எத்தனை முறை நடந்தால் முறை?

கதிரவன் நாள்தோறும் எழுகிறான். கார் ஆண்டுதோறும் வருகிறது. திரும்பத் திரும்ப நடப்பவற்றைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. மீண்டும், மறுபடியும், வழக்கமாக, வாடிக்கையாக, முறையாக என அடுக்கலாம். இவையெல்லாம் ஏறத்தாழ ஒரே பொருள் தருவன என்று பள்ளியில் பயின்றோம். நாமும் அப்படியே நம்பியிருந்தோம்.

ஆனால் 'முறை' என்ற சொல்லைச் சற்றே உற்றுப் பாருங்கள். ஒரு முறை, இரு முறை என்று எண்ணும்போது அது வெறும் எண்ணிக்கை. 'முறை தவறிய மன்னன்' என்று பழிக்கும்போது அதுவே நீதி. எண்ணிக்கைக்கும் நீதிக்கும் ஒரே சொல்! அதன் வரலாற்றைப் புலவர்கள் ஆராயட்டும். நம் கவலை வேறு. பல முறை நடந்துவிட்டது என்பதாலேயே ஒன்று முறையாகிவிடுமா?

நாமக்கல் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர். நெடுஞ்சாலையில் வண்டியோட்டிய எவரைக் கேட்டாலும் 'மாமூல்' என்றால் என்ன என்று விளக்குவார். அரபியில் பிறந்து நம்மிடம் வந்து சேர்ந்த அச்சொல்லுக்கு 'வழக்கமானது' என்பதுதான் பொருள். இன்றோ அது கையூட்டின் செல்லப்பெயர். லஞ்சம் என்றால் கொடுப்பவனுக்கும் கூச்சம், வாங்குபவனுக்கும் கூச்சம். மாமூல் என்றால் இருவருக்கும் கூச்சமில்லை.

அது காசோடு போகிற சிறுமை. உயிரைக் குடித்த வழக்கமும் இந்தச் சமவெளியில் இருந்தது. பிறந்தது பெண் என்றால் கள்ளிப்பாலை எடுத்த கைகள் இருந்தன. 1992ஆம் ஆண்டு தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலம் மாவட்டத்திலேயே தொடங்க நேர்ந்தது. நாமக்கல்லும் அன்று அம்மாவட்டத்துள் அடக்கம். 'கொல்லாதீர், தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள்' என்று ஓர் அரசு பெற்றோரிடம் கெஞ்ச வேண்டிய நிலை வந்தது! 1994இல் கருவின் பாலைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. ஆயினும் 2001 மக்கள்தொகைக் கணக்கில், சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தனர். வரதட்சணை என்ற ஒரு வழக்கம் இன்னொரு வழக்கத்தை ஈன்று வளர்த்த கதை இது. கொலை என்று பெயரிட்டிருந்தால் கை நடுங்கியிருக்கும். வழக்கம் என்று பெயரிட்டதால் ஊரே வாய்மூடி நின்றது.

வழக்கமெல்லாம் தீதென்று நாம் கூற வரவில்லை. வந்தவர்க்கு முதலில் தண்ணீர் கொடுப்பதும் வழக்கமே. ஆனால் கதிரவன் எழ நம் ஒப்புதல் தேவையில்லை. வழக்கமோ ஒவ்வொரு தடவையும் ஒரு மனிதக் கை செய்தால்தான் நடக்கும். ஊருக்கு அது நூறாவது முறையாக இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு அதுவே முதல் முறை, அதுவே கடைசி முறை. இதை மறைக்கத்தான் 'காலங்காலமாக' என்ற சொல் உதவுகிறது.

செய்கிற கை நின்றால் வழக்கமும் நிற்கும் என்பதற்குச் சான்று தேடி வேறெங்கும் போக வேண்டாம். சர், ராவ்பகதூர் என்று ஆட்சியாளர் தந்த பட்டங்களைச் சுமப்பது பெருந்தனக்காரர் வழக்கமாக இருந்தது. 1944 ஆகஸ்ட் 27 அன்று இதே சேலத்தில் கூடிய மாநாட்டில், அப்பட்டங்களைத் துறக்க வேண்டும் என்ற அண்ணாவின் தீர்மானம் நிறைவேறியது. நீதிக்கட்சி திராவிடர் கழகமாயிற்று. முணுமுணுத்தவர் உண்டு, விலகி நின்றவரும் உண்டு. புரோகிதர் இல்லாத் திருமணத்தையும் 'வழக்கத்தில் இல்லை' என்றே மறுத்தனர். 1967இல் அண்ணாவின் ஆட்சி அதனைச் சட்டமாக்கியது.

வழக்கு, வழக்கம் இரண்டும் 'வழங்கு' என்ற ஒரே வேரில் கிளைத்தவை. மன்றத்தில் தொடுப்பதும் வழக்குத்தான். சுயமரியாதைத் திருமணமும் இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. நாளை நம் பிள்ளைகள் அதன் மேலும் ஒரு வழக்குத் தொடுத்தால், அன்று 'எங்கள் காலத்திலிருந்து இப்படித்தான்' என்று நாம் விடை சொல்லித் தப்பக் கூடாது.