எண்ணுவது பாவமா?



புது வருஷத் திட்டம் போடக் கமிட்டி உட்காரும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்பி வருகிறது. ஊழியத்தைத் தாங்குகிறவர்கள் விஷயத்தில் நாம் இலக்கு வைக்கலாமா? "இத்தனை பேர், மாசம் இத்தனை ரூபாய், இந்தத் தேதிக்குள்ளே" என்று பேப்பரில் எழுதலாமா? எழுதினால் அது விசுவாசக் குறைவா? எழுதாமல் விட்டால் அது பொறுப்பில்லாத்தனமா?

திருவண்ணாமலையில் நம்முடைய சபை, தகப்பன் இல்லாத 12 பிள்ளைகளின் படிப்புக்கு உதவி வருகிறதை அறிவீர்கள். ஜூன் மாசம் வந்துவிட்டால் பீஸ், நோட்டு, யூனிபார்ம், ஷூ என்று வரிசையாய் நிற்கும். அந்த உதவியின் கணக்கு நோட்டு என் கையில் இருக்கிறது. போன கூட்டத்தில் பேங்க் உத்தியோகத்தில் இருக்கிற தம்பி ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். பிள்ளை ஒன்றுக்கு வருஷம் 12,000 ரூபாய். 12 பிள்ளைகளுக்கு 1,44,000 ரூபாய். மாசம் 300 ரூபாய் கொடுக்கிற 40 பேர் இருந்தால் போதும். "டிசம்பருக்குள்ளே 40 பேர் என்று எழுதிக்கலாம் ஐயா" என்றார். உடனே ஒரு வயசான தாயார், "தாவீது ராஜா ஜனங்களை எண்ணினாரே, அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டார்கள். கூட்டம் அமைதியாகிவிட்டது.

இரண்டு பேரும் கர்த்தரை நேசிக்கிறவர்கள். இரண்டு பேர் சொன்னதிலும் பாரம் இருக்கிறது. ஆகையால் இதை வேதத்தோடும், நமக்குப் பக்கத்திலேயே நடந்த ஒரு காரியத்தோடும் வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன்.

தாவீதின் தப்பு எது?

எண்ணுவதே பாவமாயிருந்தால் எண்ணாகமம் என்று ஒரு புத்தகமே வேதத்தில் இருந்திருக்காது. அங்கே எண்ணச் சொன்னவரே கர்த்தர்தான். அப்படியானால் 2 சாமுவேல் 24-ல் தாவீது எங்கே தவறினார்? யோவாப் கேட்ட கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ராஜாவே, இது உமக்கு எதற்கு என்றுதான் அவன் கேட்டான். பட்டயம் உருவத்தக்கவர்கள் எத்தனை பேர் என்று ஒன்பது மாதமும் இருபது நாளும் சுற்றி எண்ணினார்கள். அந்த எண்ணிக்கையால் எந்த ஏழைக்கு அப்பம் கிடைத்தது? எந்த விதவைக்கு நியாயம் கிடைத்தது? "நான் எவ்வளவு பெரியவன்" என்று தெரிந்துகொள்ளும் ஆசையைத் தவிர வேறே காரணம் அங்கே தெரியவில்லை.

இப்போது ஆசரிப்புக் கூடாரத்தைப் பாருங்கள். என்ன தேவை என்று மோசே முதலில் ஜனங்களுக்குத் தெளிவாய்ச் சொன்னான். மனதுள்ளவர்கள் கொண்டுவந்தார்கள். யாத்திராகமம் 36-ல் வேலைக்காரர் மோசேயிடத்தில் வந்து, தேவைக்கு மேல் வந்துவிட்டது என்றபோது, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று பாளயமெங்கும் கூறப்பட்டது. அதோடு முடிந்ததா? 38-ஆம் அதிகாரத்தில் கணக்கு ஒப்புவிக்கப்படுகிறது. பொன் 29 தாலந்தும் 730 சேக்கலும். வெள்ளி 100 தாலந்தும் 1,775 சேக்கலும். எந்த வெள்ளி எந்தப் பாதத்துக்குப் போனது, எது கொக்கிகளுக்குப் போனது என்பது வரைக்கும் எழுதியிருக்கிறது!

தேவை சொல்லப்பட்டது, அளவு இருந்தது, போதும் என்று நிறுத்தினார்கள், செலவுக்குக் கணக்குக் கொடுத்தார்கள். நான் யோசித்துப் பார்க்கிறேன்: இந்த நாட்களில் "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று சொன்ன ஊழியத்தை நாம் எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்?

வேலூரில் நடந்தது

வியாதி முற்றினால் போளூர், கண்ணமங்கலம் வழியாகப் பஸ் ஏறி வேலூர் சி.எம்.சி.க்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. அந்த ஆஸ்பத்திரியின் அஸ்திபாரத்திலேயே ஒரு இலக்கு இருக்கிறது.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் வந்து பிரசவ வேதனையில் இருந்த மனைவிகளுக்காகக் கதவைத் தட்டியதும், பெண் டாக்டர் இல்லாததினால் அந்த மூன்று பெண்களும் மரித்ததும் உங்களில் பலருக்குத் தெரிந்த சாட்சி. 1899-ல் மருத்துவப் படிப்பை முடித்து இந்தியாவுக்குத் திரும்பும் சமயத்தில், வேலூரில் பெண்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்ட 8,000 டாலர் சேர்க்கும் பொறுப்பு அவரிடம் கொடுக்கப்பட்டது. வீடு வீடாகப் போனார். அவ்வளவு எளிதாய்ச் சேரவில்லை. கப்பல் ஏறும் நாள் நெருங்கிவிட்ட பிறகு, ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் அவர் பேசியதைக் கேட்டு, விசாரித்து, மரித்துப்போன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த 8,000 யாருடைய தோளில் இருந்தது? ஐடா அம்மையாரின் தோளில். எத்தனை வீட்டுக்குப் போக வேண்டும், தேவையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருடைய பாரம். "உங்கள் பங்கு இவ்வளவு" என்று ஷெல்லின் தோளில் யாரும் எழுதி ஒட்டவில்லை. அவர் தேவையைக் கேட்டார். தன் துக்கத்தோடு அதைச் சேர்த்துப் பார்த்தார். கேட்டதற்கு மேலே கொடுத்தார்.

இரண்டாவது காரியம் இதைவிடப் பெரியது. 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1920-களின் ஆரம்பத்தில், ஆசியாவில் பெண்களுக்கான ஏழு கிறிஸ்தவக் கல்லூரிகளுக்காக அமெரிக்கச் சபைப் பெண்கள் சேர்ந்து நிதி திரட்டினார்கள். வேலூரும் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியும் அந்த ஏழில் இருந்தன. நீங்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் நாங்கள் 10 லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் குடும்பத்தின் நிதி. லூசி பீபாடி என்ற அம்மையார் முன்நின்று நடத்தினார். ஐடா அம்மையாரும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1923-க்குள் அந்தத் தொகை சேர்ந்துவிட்டது.

தொகை தெரிந்திருந்தது, தேதி தெரிந்திருந்தது, எந்தக் கல்லூரிக்கு என்பதும் தெரிந்திருந்தது. இதைப் பார்த்த பிறகு இலக்கு வைப்பது விசுவாசக் குறைவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஐடா அம்மையார் ஜெபித்தார், எண்ணவும் எண்ணினார். கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவன் முன்னாடி உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று ஆண்டவரும் லூக்கா 14-ல் பேசியிருக்கிறாரே!

அப்படியானால் ஆபத்து எங்கே?

பிரியமானவர்களே, ஆபத்து இலக்கை யார் தோளில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஒரு சபையில் நடந்ததைச் சொல்லுகிறேன். வீட்டுக்கு 500 ரூபாய் என்று அறிவித்து, கொடுத்தவர்களின் பெயரை ஆராதனையில் வாசித்தார்கள். இலக்கு நிறைவேறியது, ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆனால் கோயில் தெருவோரத்தில் பூக்கட்டி விற்கிற ஒரு சகோதரி மூன்று ஞாயிறு வரவில்லை. விசாரித்தபோது, "கையில ஒண்ணும் இல்லைங்க. பேரு வாசிக்கறப்ப அங்க எப்படி உட்கார்றது?" என்றார்களாம். முன்பு மாசாமாசம் 50 ரூபாய் சந்தோஷமாய்ப் போட்டவர்கள். ரிப்போர்ட்டில் அந்த 50 ரூபாய் குறைந்தது யாருக்கும் தெரியாது. மொத்தம் கூடித்தானே இருக்கிறது! மாற்கு 12-ல் ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து கவனித்தாரே, அவர் கண் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிருக்கும்? மேடைக்கா? காலியாய்க் கிடந்த அந்த இடத்துக்கா?

ஆகவே நாம் ஏற்படுத்துகிற இலக்கு நம்மைக் கணக்குக் கேட்க வேண்டும். கொடுக்கிறவர் நமக்கு எவ்வளவு செய்தார் என்பதற்கு முன்னால், வாங்கின நாம் அவருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன செய்தோம் என்பதை எண்ண வேண்டும். பவுல் பிலிப்பியருக்கு எழுதின நிருபத்தின் நாலாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். எப்பாப்பிரோதீத்து கையில் அனுப்பினது வந்து சேர்ந்தது என்று ரசீது கொடுக்கிறார். முன்னே தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஒரு தரம் அல்ல, மறுபடியும் அனுப்பினார்களே என்று நினைவுகூருகிறார். பணத்தை நாடி எழுதவில்லை, உங்கள் கணக்கில் பலன் பெருகுவதையே நாடுகிறேன் என்று கருத்துச் சொல்லுகிறார். தாங்குகிறவர்களுக்கு எழுதும் கடிதத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது.

நாம் எண்ண வேண்டியவை

முதலாவது, ரசீது. காணிக்கை வந்த ஏழு நாளுக்குள் எத்தனை பேருக்கு ரசீது போனது? 50 ரூபாய் கொடுத்தவருக்கும் 5,000 ரூபாய் கொடுத்தவருக்கும் அதே நாள் கணக்குதான்.

இரண்டாவது, செய்தி. வருஷத்தில் மூன்று தரமாவது, பணம் எதற்குச் செலவானது என்று தாங்குகிறவருக்குச் சொன்னோமா? சொல்லும்போது பிள்ளையின் கண்ணீர்ப் படத்தைப் போட்டு அனுப்பக் கூடாது. 12 பிள்ளைகளும் ஸ்கூல் திறந்த அன்றே பீஸ் கட்டிப் போனார்கள் என்ற ஒரே வரி போதும். தகப்பன் இல்லை என்பதினால் அந்தப் பிள்ளைக்கு மானம் இல்லாமல் போய்விடாது.

மூன்றாவது, நிலைத்திருக்கிறவர்கள். போன வருஷம் கொடுத்தவர்களில் இந்த வருஷமும் கூட நிற்கிறவர்கள் எத்தனை பேர்? புதிதாய் 20 பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட இந்த எண்ணிக்கை உண்மையைச் சொல்லும். பழையவர்கள் 25 பேர் போய்ப் புதியவர்கள் 20 பேர் வந்தால் அது வளர்ச்சியா? நின்றுபோனவரின் வீட்டுக்கு ஒரு மாசத்துக்குள் போகிறோமா என்பதையும் எண்ண வேண்டும். பாக்கி கேட்க அல்ல, சுகம் விசாரிக்க! நூறு ஆட்டில் ஒன்று காணவில்லை என்று மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணினதால்தானே? அந்த எண்ணிக்கை தேடிப் போவதற்கான எண்ணிக்கை. வேலை போயிருக்கலாம், வீட்டில் வியாதி இருக்கலாம். அப்போது அவர் நமக்குத் தாங்குகிறவர் அல்ல. நாம் தாங்க வேண்டியவர்.

நான்காவது, அகலம். தொகையில் பாதி ஒரே ஒருவரிடமிருந்து வந்தால் பிள்ளைகளின் படிப்பு ஒரு மனுஷனின் தோளில் நிற்கிறது. வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்த சிறிய ஊழியங்கள் பட்ட பாட்டை நாம் பார்த்தோம். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டபோது, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் கைமாற்ற முடியாது என்று ஆனது. மிசோரம் சபைப் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கர்த்தருடைய வேலைக்கென்று எடுத்துவைத்து வந்தார்கள். ஊழியக்காரரைத் தாங்கும் பெரும் பலமாக அது வளர்ந்தது. அங்கே அளவு அவரவர் கை. சின்னக் கைக்குச் சின்னப் பிடி, பெரிய கைக்குப் பெரிய பிடி.

ஐந்தாவது, போதும் என்ற கோடு. 1,44,000 சேர்ந்துவிட்டால் அந்த வருஷத்துக்கு நிறுத்திக்கொள்வோம் என்று முதலிலேயே எழுதிவைக்க வேண்டும். மேலே வந்தால் கொடுத்தவரைக் கேட்டே அடுத்த தேவைக்கு வைப்போம்.

ஒரு எச்சரிப்பையும் சொல்ல வேண்டும். எதை எண்ணுகிறோமோ அதற்காகவே வேலை செய்கிற புத்தி மனுஷனுக்கு உண்டு. மூன்று கடிதம் என்று எழுதிவைத்தால் மூன்று வெறுங்கடிதம் அனுப்பிவிட்டு டிக் அடிப்போம். பௌர்ணமி அன்னதானத்தில் எத்தனை இலை விழுந்தது என்று நம்ம ஊரில் கேட்பார்கள். இலையை எண்ணலாம், சாப்பிட்டவர் வயிறு நிறைந்ததா என்பதை இலை சொல்லாது. அதனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் யோவாபின் கேள்வியை எழுதிவையுங்கள்: இது எதற்கு? பதிலில் ஒரு பிள்ளையோ, ஒரு விதவையோ, நின்றுபோன ஒரு சகோதரனோ தெரிந்தால் எண்ணுங்கள். நம்முடைய பெயர் மாத்திரம் தெரிந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுங்கள்.

ஆகவே தம்பியின் 40 என்ற எண்ணைக் கமிட்டி ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் தாழ்மையான அபிப்பிராயம். அந்த 40 நாம் போய்ப் பார்க்க வேண்டிய வீடுகளுக்கு இலக்காக இருக்கட்டும். எந்த வீட்டின்மேலும் விழுகிற வரியாக வேண்டாம். 300 ரூபாய் முடியாதவர்கள் இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்து ஒரு பங்கைத் தாங்கட்டும். பெயர்கள் நோட்டில் இருக்கட்டும், மேடைக்கு வர வேண்டாம். அந்தத் தாயாரின் பயத்தையும் விட்டுவிடாதேயுங்கள். மூன்று மாசத்துக்கு ஒருமுறை கணக்கு வாசிக்கும்போது அவர்களும் முன்வரிசையில் உட்கார்ந்து, "இது எதற்கு?" என்று கேட்கட்டும். கணக்கு நோட்டு திறந்தே இருக்கும். எந்த விசுவாசியும் வந்து பார்க்கலாம்.

உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனாய்க் காணப்படும்படி நமக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். ஜூன் மாசம் 12 பிள்ளைகளும் தலைநிமிர்ந்து பள்ளிக்கூடம் போகட்டும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்