நோயுற்ற மூளையும் ஒழுக்கப் பொறுப்பும்

ஒருவன் தன் சொல்லுக்கும் செயலுக்கும் பொறுப்பாளி என்பது ஒழுக்கவியலின் தொடக்கக் கூற்று. அக்கூற்றின் எழுவாயாக நிற்கும் 'ஒருவன்' யார் என்ற வினாவை மெய்யியலாளர் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளனர். அண்மைக் காலத்தில் அவ்வினா எதிர்பாராத ஓரிடத்திலிருந்து, நரம்பியல் ஆய்வுகூடத்திலிருந்து, மீண்டும் எழுந்துள்ளது. கற்றலோனிய நரம்பியலாளரான ஜோசெப் டல்மாவின் ஆய்வு வாழ்வு அதற்குப் பெரிதும் காரணமாயிற்று.

டல்மாவ் பார்சிலோனாவிற் கற்று, பின்னர் நியூயோர்க்கில் ஸ்லோன் கெற்றறிங் புற்றுநோய் நிலையத்தில் ஜெரோம் போஸ்னருடன் பணியாற்றியவர். புற்றுநோய் மூளையை எட்டாதிருக்கவும் நோயாளர் சிலரது மூளை பழுதுறுவது ஏன் என்பதே அங்கு ஆராயப்பட்ட வினா. கட்டியை எதிர்க்க எழும் நிர்ப்பீடனம், கட்டிக்கும் நரம்புக் கலத்துக்கும் பொதுவான புரதத்தைக் கண்டு நரம்பையும் தாக்குகிறது என்பது விடை. ஆயினும் அக்காலத்திற் கண்டறியப்பட்ட பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் நரம்புக் கலத்தின் உள்ளேயுள்ள புரதங்களுக்கு எதிரானவை. அவை நோயின் அடையாளங்களாக நின்றன. கலங்களைக் கொன்றவை வேறு. கொல்லப்பட்ட நரம்புக் கலம் மீள்வதில்லையாதலின் நோயாளரும் பெரும்பாலும் மீளவில்லை. நோய்க்குப் பெயரிடலாம், ஆனால் அதனை மாற்ற இயலாது என்ற நிலையில் ஒருவர் ஆண்டுக்கணக்காக ஓராய்விலே நிலைத்திருப்பதற்கு அறிவார்வம் மட்டும் போதுமா என்பது என் ஐயம்.

2005ஆம் ஆண்டில், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, டல்மாவும் அவர்தம் குழுவினரும் நான்கு இளம்பெண்களைப் பற்றி எழுதினர். காரணமற்ற அச்சம், ஐயுறவு, பிதற்றல் என்று தொடங்கிய நோய் நினைவிழப்பிலும் மூச்சுத் திணறலிலும் சென்று முடிந்தது. நால்வர் சூலகத்திலும் தெரற்றோமா என்னும் கட்டி இருந்தது. இக்கட்டியில் மயிர், பல் முதலியவற்றோடு நரம்பிழையமும் தோன்றக்கூடும். 2007இல் பன்னிரு பெண்களை ஆராய்ந்து, அவர்களுடைய பிறபொருளெதிரிகள் தாக்கும் இலக்கு என்.எம்.டி.ஏ. வாங்கி என்று காட்டினர். கற்றலுக்கும் நினைவுக்கும் இன்றியமையாத அவ்வாங்கி நரம்புக் கலத்தின் மேற்பரப்பில் இருப்பது. பிறபொருளெதிரி அதனைப் பற்றிக் கலத்தினுள்ளே இழுத்துவிடுகிறது, கலமோ இறப்பதில்லை. கட்டியை அகற்றி, நிர்ப்பீடனத்தை அடக்கினால் வாங்கிகள் மீண்டும் மேற்பரப்புக்கு வருகின்றன. மனிதரும் மீண்டு வருகின்றனர். 2008இல் நூறு நோயாளரைப் பற்றி வெளியான கட்டுரையில் 91 பேர் பெண்கள். 77 பேர் முதலில் உளமருத்துவரிடமே சென்றவர்கள். 75 பேர் முற்றாகவோ சிறு குறைகளுடனோ தேறினர். எஞ்சிய 25 பேர் கடுங்குறைகளோடு வாழ்ந்தனர் அல்லது இறந்தனர்.

பிறபொருளெதிரி என்னும் கலைச்சொல்லை ஆக்கியவர்கள் பிறபொருளை எதிர்ப்பதே அதன் தொழில் என்று எண்ணியிருப்பர். தன்பொருளையே எதிர்க்கும் பிறபொருளெதிரி என்று இந்நோயைக் கூறும்போது சொல்லே தன்னோடு முரண்படுகிறது. உடல் 'தான்', 'பிற' என்று பிரித்தறியும் ஆற்றலை இழந்தவிடத்து, அவ்வுடலுக்குரியவரை எந்தத் 'தான்' என்று நாம் அழைப்பது?

நியூயோர்க் போஸ்ற் பத்திரிகையாளரான சூசனா கஹாலன் 2009இல், தமது 24ஆம் வயதில், இந்நோய்க்கு ஆளானார். குடிப்பழக்கத்தின் விளைவென்றும் உளநோயென்றும் கூறப்பட்ட பின்னர், சூஹெல் நஜார் என்னும் நரம்பியலாளர் ஒரு கடிகாரத்தின் முகத்தை வரையுமாறு அவரிடம் கேட்டார். எண்கள் யாவும் வட்டத்தின் வலப்பாதியிலேயே நெருங்கிக் கிடந்தன. மூளையின் ஒரு பக்கம் அழற்சியுற்றுள்ளது என்ற ஐயம் அதனால் வலுத்தது. டல்மாவின் ஆய்வுகூடம் நோயை உறுதி செய்தது. 2012இல் அவர் எழுதிய நூலைப் படிப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நோய் முற்றியிருந்த ஏறத்தாழ ஒரு மாதம் அவருக்கு நினைவில் இல்லை. பிறர் கூற்று, மருத்துவக் குறிப்பு, மருத்துவமனை ஒளிப்பதிவு ஆகியவற்றைக் கொண்டு, வேறொருவர் வரலாற்றை எழுதுவதுபோலத் தம் வரலாற்றை எழுதினார்.

ஜோன் லொக்கின் கொள்கைப்படி, நனவும் நினைவும் எவ்வளவு தூரம் பின்னோக்கிச் செல்லுமோ அவ்வளவு தூரமே ஒருவர் அதே ஆள். பித்துற்றவன் செய்ததற்காகத் தெளிந்தவனைச் சட்டம் தண்டிப்பதில்லை என்பதையும் அவர் இதற்குச் சான்றாகக் காட்டினார். எனவே அந்த மாதத்திற் பேசியவள் வேறொருத்தி, தேறியவளுக்குப் பழியில்லை. முடிவு இனியதே. ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை பெரிது. கட்டிலருகே விழித்திருந்த தாய் யாரைப் பேணினாள்? தன் மகளையன்றி வேறொருத்தியையா? பழியை நீக்குவதற்காக ஆளையே நீக்குவது கொள்ளத்தக்கதன்று. (மனமும் புத்தியும் மாயையின் காரியமான கருவிகளே என்று கொள்ளும் சைவ சித்தாந்திக்கு இவ்விடர் இல்லை, கருவி பழுதுற்றது, உயிர் அதுவே என்று அவர் அமைதியாகக் கூறிவிடுவார். கருவியின்றி உயிர் எதனால் அறியப்படும் என்று நாம் அவரைக் கேட்கலாம்.)

இக்கண்டுபிடிப்பை வரவேற்றுப் பலரும் கூறும் ஒரு வாசகம் என்னை உறுத்துகிறது: 'இது பைத்தியமன்று, உண்மையான நோய்.' பெற்றோர் இதனைக் கேட்டு மூச்சுவிடுவது இயல்பே. ஆயினும் மூளைய முண்ணாண் பாய்பொருளில் பிறபொருளெதிரி காணப்படாத இளைஞன் ஒருவன் அடுத்த கட்டிலிற் கிடக்கிறான். அவனுக்குப் பிளவுள நோய். அவனது நோய் உண்மையற்றதா? ஒருத்தியைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும் வாசகமே மற்றவனைக் குற்றவாளியாக்கி விடுகிறது. 2007க்கு முன்னர் இவ்விருவரும் ஒரே தாழ்வாரத்தில் ஒரே இழிசொல்லைக் கேட்டிருப்பர். நம் ஊர்களில் 'பேய் பிடித்தது' என்ற பழைய விளக்கம்கூட, அறியாமையேயாயினும், பெண்ணைப் பழியாது பேயைப் பழித்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். பெர்லின் விலங்குக் காட்சிச்சாலையில் 2011இல் இறந்த நூற் என்னும் துருவக் கரடிக்கும் இந்நோயே இருந்ததென 2015இல் ஆய்வாளர் கண்டனர். கரடியின் ஒழுக்கத்தை எவரும் ஐயுறவில்லை.

அவ்வாறாயின் எச்செயலுக்கும் மூளையிற் காரணம் உண்டே, எவரையும் பழித்தல் கூடாதோ என்று வினவலாம். காரணம் இருப்பது வேறு. நியாயத்துக்குச் செவிகொடுக்கும் ஆற்றல் அழிந்திருப்பது வேறு. என் சினத்துக்கும் மூளையிற் காரணம் இருக்கும். ஆயினும் நண்பனொருவன் எடுத்துரைத்தால் அது தணியும். வாங்கிகளை இழந்த மூளைக்கு எடுத்துரைப்பினும் பயனில்லை. பழிநீக்கத்தின் எல்லை இதுவே. ஆய்வுகூட முடிவு அதற்கு ஒரு சான்றாகலாம், அளவுகோலாகாது. பிளவுள நோயாளனுக்கும் இதே அளவுகோல்தான்.

ஸ்ட்ரோசன் 1962இல் எழுதிய கட்டுரையில், இத்தகையோரிடத்துச் சினமும் நன்றியும் கொள்ளாது அவர்களைக் கையாளப்படவேண்டிய பொருளாக நோக்கும் மனப்பாங்கை விளக்கினார். அம்மனப்பாங்கு இரக்கமுடையது; ஆபத்தும் உடையது. நோயாளி ஊசியைப் பிடுங்கியெறிகிறாள், வீட்டுக்குப் போகவேண்டும் என்று அலறுகிறாள். அவளது மறுப்பு நோயின் குரல் என்று கொண்டு மருத்துவர் சிகிச்சையைத் தொடர்கின்றனர். தேறியபின் அவள் நன்றி கூறுகிறாள். அந்நன்றியே நாம் செய்தது சரி என்பதற்குச் சான்றென்கிறோம். சிகிச்சை தொடர்ந்தமை சரியென்றே நானும் கருதுகிறேன். ஆனால் இச்சான்று செல்லுமா? நன்றி கூறக்கூடியவர்கள் தேறியவர்கள் மட்டுமே. அந்த 25 பேரிலும் சிலர் மறுத்திருப்பர். அவர்கள் மறுத்தபோது கட்டிலருகே நின்றவர்கள் பின்னால் வரப்போகும் நன்றியை நம்பியிருக்க முடியாது. அந்த வேளையிலேயே, அவளிடமே, செய்யப்போவதைச் சொல்லி, அவள் கேளாதிருப்பினும் சொல்லி, தம் செயலுக்கு நியாயம் தேடியிருக்க வேண்டும்.