சந்தேகத்தின் பேரில் படையெடுக்கலாமா? – ஜும்ஆ உரை, கருங்குழி



"அவன் நாளை நம்மைத் தாக்குவான்; நாம் இன்றே முந்திக்கொள்வோம்." அடுத்த நாட்டின் ஆட்சியைக் கவிழ்க்கப் போகிறவர்கள் சொல்லும் காரணம் இதுதான். மார்க்கம் இதை ஏற்கிறதா?

நம் கருங்குழிக் கோட்டையை 1781 ஜனவரியில் ஹைதர் அலியின் வீரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். அவருடைய மகன் திப்பு சுல்தான் பிரெஞ்சுக்காரர்களின் உதவியைத் தேடினார் என்பது உண்மை. 1798-இல் மொரீஷியஸிலிருந்து அவருக்குக் கிடைத்தவர்களோ சுமார் நூறு பேர். அந்த ஆகஸ்டிலேயே எகிப்துக் கரையில் பிரெஞ்சுக் கப்பற்படையும் அழிந்துவிட்டது. ஆனாலும் வெல்லெஸ்லி படையை நிறுத்தவில்லை. 1799 பிப்ரவரியில் வேலூரிலிருந்து படை கிளம்பியது. மே 4-ஆம் தேதி திப்பு ஷஹீதானார். அவருடைய பிள்ளைகள் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டார்கள்.

2003-இல் இராக்கிலும் இதுவே நடந்தது. பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்றார்கள். நாட்டைப் பிடித்த பிறகு தேடினார்கள். சொன்ன ஆயுதக் குவியல் கிடைக்கவில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் மாண்டார்கள்.

"அப்படியானால் வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டுமா, ஹழ்ரத்?" என்று கேட்கலாம். இல்லை. தற்காப்புக்குத் தயாராக இருக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (8:60). ஆனால் உடன்படிக்கை செய்தவர்கள் துரோகம் செய்வார்கள் என்று அஞ்சினால்கூட, உடன்படிக்கை முடிந்தது என்று அவர்களுக்கு வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும் என்பதே அவன் விதி (8:58).

முஆவியா (ரலி) அவர்கள் ரோமர்களுடன் உடன்படிக்கை செய்திருந்தார்கள். தவணை முடிந்தவுடன் தாக்குவதற்காக முன்கூட்டியே எல்லையை நோக்கிப் படையுடன் சென்றார்கள். அம்ர் பின் அபஸா (ரலி) குதிரையில் விரைந்து வந்து, வாக்கை நிறைவேற்றுங்கள், துரோகம் வேண்டாம் என்று குரல் கொடுத்து, நபி (ஸல்) அவர்களின் சொல்லை நினைவூட்டினார்கள். முஆவியா (ரலி) படையோடு திரும்பிவிட்டார்கள். திர்மிதீ, அபூதாவூதில் இச்செய்தி உள்ளது. வல்லமை இருந்தும் திரும்பினார்களே, அதுதான் ஈமான்!

இந்த அளவுகோல் நமக்கும்தான். 1990-இல் சத்தாம் ஹுசைன் குவைத்துக்குள் படையை அனுப்பியதும் அநியாயமே. செய்தவர் நம் பெயரைத் தாங்கியவர் என்பதற்காக அது நியாயமாகிவிடாது.

செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்கிறது குர்ஆன் (49:6). பனூ முஸ்தலிக் மக்கள் ஜகாத் தர மறுத்ததாக வந்த தவறான செய்தியை ஒட்டியே இவ்வசனம் இறங்கியது என்று விரிவுரையாளர்கள் கூறுகிறார்கள். விசாரிக்காமல் இருந்திருந்தால் அப்பாவிகள் மீது படை பாய்ந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி அண்டை வீட்டாரை எதிரியாக்கும்போதும், "அவன் வழக்குப் போடுமுன் நான் போடுகிறேன்" என்று அண்ணன் தம்பி கிளம்பும்போதும் இந்த வசனம் நம்மையே பார்த்துப் பேசுகிறது.

யா அல்லாஹ்! அநியாயம் செய்வதிலிருந்தும் அநியாயத்துக்கு ஆளாவதிலிருந்தும் எங்களைக் காப்பாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.