செம்பா, அலுமினியமா: பழைய காரின் உயிர் எங்கே?

மைசூரு தேவராஜ மொஹல்லாவின் தேவராஜ மார்க்கெட் நூறாண்டு தாண்டியது. 2016-இல் அதன் வடக்கு வாசல் பக்கம் இடிந்து விழுந்த பிறகு ஊர் இரண்டுபட்டது. மொத்தத்தையும் இடித்து அதே தோற்றத்தில் கட்டலாம் என்றது ஒரு தரப்பு. சுண்ணாம்புக் காரையில் பழுது பார்த்தால் போதும், இடித்துக் கட்டினால் அது வேறு கட்டடம் என்றது இன்னொரு தரப்பு. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கும் இதே வழக்கு ஒருநாள் வந்து சேரும், ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கும் நாளில்.

பழைய ரேடியேட்டரைப் பட்டறையில் பிரித்துப் போட்டால் பித்தளைக் குழாய்கள், அவற்றைச் சுற்றி மெல்லிய செம்புத் தகடுகள், மேலும் கீழும் பித்தளைத் தொட்டி, எல்லாவற்றையும் பிடித்து நிற்கும் ஈயப்பற்று. புதிதாக வாங்கினால் அலுமினியம். வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வல்லது. ஆனால் அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதில் குழாயை அகலமாக வைக்க முடியும். ஓட்டத்தில் இரண்டும் எஞ்சினைக் குளிர வைத்துவிடும். அதனால் கேள்வி வெப்பத்தோடு முடிவதில்லை.

பாகங்களை மாற்றிய பின்னும் அது அதே வண்டியா? மிலிந்த மன்னன் ரதத்தில் வந்து இறங்கியபோது பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டது இதைத்தான்: அச்சு ரதமா, சக்கரம் ரதமா, நுகம் ரதமா? எதுவும் இல்லை; எல்லாம் கூடிய இடத்தில் நாம் வைத்த பெயர்தான் ரதம். 1990-இல் லண்டன் நீதிமன்றமும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. 1929, 1930 லெ மான் பந்தயங்களை வென்ற ‘ஓல்ட் நம்பர் ஒன்’ பென்ட்லியில் பழைய பாகம் மிகக் குறைவு. ஆனாலும் அதன் வரலாறு அறுபடவில்லை என்பதால் அந்தப் பெயர் அதற்கே உரியது என்றார் நீதிபதி ஆட்டன்.

அப்படியானால் எந்த உலோகத்தையும் வைத்துக்கொள்ளலாமா? நம் கோயில்கள் இதற்கு வேறு பதில் வைத்திருக்கின்றன. மூலவரைப் பீடத்தோடு பிணைக்கும் அஷ்டபந்தன மருந்தை எடுத்துக்கொள்வோம். கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் எட்டையும் சேர்த்து, பதம் வரும்வரை இடிப்பார்கள். ஆண்டுகள் போனால் மருந்து இறுகி வெடிக்கும். அபிஷேக நீர் உள்ளே இறங்கும். அதனால் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதைச் சாத்துவது மரபு. திருப்பணி நடக்கும் காலத்தில் தெய்வ சக்தி கலசத்துக்கு மாறி, பாலாலயம் என்ற தற்காலிகச் சன்னதியில் இருக்கும். மருந்து தெய்வம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அங்கே சிமென்ட் வைப்பதை மரபு ஏற்பதில்லை. சிமென்டை நாளைக்கு எடுக்கப் போனால் கல் உடையும். அடுத்து வருபவர் திறக்கக்கூடியபடி மூட வேண்டும் என்ற பொறுப்பு அந்த எட்டுப் பொருளில் இருக்கிறது.

காருக்கும் இதே அளவுகோல்தான் சரி. ஈயப்பற்றைச் சூடுபடுத்தினால் விடும். தொட்டியையும் பெயர்ப்பலகையையும் வைத்துக்கொண்டு நடுவிலுள்ள குழாய்-தகடு கூட்டை, அதாவது கோரை மட்டும் மாற்றலாம். அலுமினியத்தில் இந்த வசதி குறைவு. நம் ஊரில் ரேடியேட்டரில் கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் வேறு இருக்கிறது. வார்ப்பிரும்பு எஞ்சினும் பித்தளை இணைப்புகளும் உள்ள சுற்றில் அந்தத் தண்ணீர் ஓடினால் அலுமினியம்தான் முதலில் அரிபடும்.

பழசென்றாலே செம்பு என்றும் சொல்லிவிட முடியாது. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பின் முதல் 3.8 லிட்டர் கார்களில் இருந்தது அலுமினிய ரேடியேட்டர், 4.2 லிட்டர் வந்தபோதுதான் செம்புக்குப் போனார்கள். அந்த 3.8 காருக்குச் செம்பு வைப்பதுதான் மாற்றம்.

சட்டம் இதில் தலையிடாது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி சேஸி, பாடி, எஞ்சின் மாற்றங்களைப் பற்றித்தான் பேசுகிறது. ரேடியேட்டரை உரிமையாளரின் மனசாட்சிக்கே விட்டுவிட்டது. வண்டி பிறந்தபோது இருந்த உலோகத்திலேயே கோர் கட்டச் சொல்லுங்கள். மலைப்பாதைக்காக அலுமினியம்தான் வேண்டுமென்றால், வண்டியின் சட்டகத்தில் புதிதாக ஓட்டை போடாமல் பழைய போல்ட்டிலேயே உட்காரும்படி வாங்குங்கள். கழற்றிய ரேடியேட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். வண்டி எண்ணையும் கழற்றிய தேதியையும் ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்தே கொடுங்கள்.